மஞ்சள் துண்டு

முதியோர் இல்லத்தில் பாதிப் பேருக்கு வயிறு கெட்டுவிட்டது. மேலாளர் ஏகாம்பரம் நேரே சமையலறைக்கு வந்து, பாத்திரம் கழுவும் பவுனம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

"கக்கூஸ் போயிட்டு சோப்புப் போடாத கை உன்னோடதுதான். இல்லேன்னா அது யார் கைன்னு சாயங்காலத்துக்குள்ள காட்டு. காட்டலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கஞ்சியில் விரலை விட்டு ருசி பார்த்துவிட்டுப் போனார்.

பவுனம்மாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இல்லத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆளுக்கொன்றாக இருந்த கைத்துண்டுகளை மஞ்சள் தண்ணீரில் முக்கி, காயவைத்து, அந்தந்தக் கழிப்பறையில் திரும்ப மாட்டினாள்.

"வெள்ளிக்கிழமை சார், மங்களமா இருக்கட்டும்" என்றதற்கு ஏகாம்பரமும் தலையாட்டினார்.

சாயங்காலம் சமையலறையில் எல்லார் முன்னாலும் துண்டுகளை விரித்தாள். ஒவ்வொன்றிலும் ஆரத்தி சிந்தினாற்போலச் சிவப்புத் திட்டுகள்.

"சோப்புக் கை பட்டா மஞ்சள் சிவந்துடும் சார்."

ஒரே ஒரு துண்டு மட்டும் ஈரமாக இருந்தும் மஞ்சளாகவே கிடந்தது.

"எந்தப் பன்னாடையோட துண்டு இது?" என்று ஏகாம்பரம் உறுமினார்.

"உங்க ரூம் கக்கூஸ்ல மாட்டினது சார்."

"ஐயையோ!" என்று சமையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். ஏகாம்பரத்தின் விரல் அப்போதும் ராத்திரிக் கஞ்சிக்குள்தான் இருந்தது.

பவுனம்மாள் அண்டாவைத் தன் பக்கம் இழுத்தாள்.

"விரலை எடுங்க சார். நாளைக்கு யாரு வேலைக்கு வரக் கூடாது?"