உம்ரி வாங்கிய மலை

கேரா கடப்பாரையும் கையுமாக யூத குருவான ரபீ அபியேலிடம் வந்தான். கழுதை முதுகில் எண்ணெய் விற்று, வாய்ச் சாமர்த்தியத்தாலேயே ஆளானவன். கோபம் மூக்கு நுனியில்.

"நியாயம் சொல்லுங்கள், ரபீ. எலிசாமாவின் திராட்சைத் தோட்டத்தைப் பேரம் பேசி வாங்கினேன். இனி அது யாருடையது?"

"உன்னுடையது."

"பழம் பறிக்கும் காலம் வந்தால் அந்த ஆளும் வந்துவிடுகிறான்! நான் திராட்சையை உலர்த்தி விற்கிறவன், பழத்தை மிதித்து ரசம் எடுக்கும் ஆலை காலி. காலைக் கழுவிக்கொண்டு அதில் இறங்கி வெறும் பாறையை மிதிக்கிறான். பாட்டு வேறு!"

"நன்றாகப் பாடுவானா?"

"கழுதை தேவலை. ஓர் அடி பாடுவான், வாயை மூடுவான், மிதிப்பான். மறுபடி ஓர் அடி. அந்த ஆலையை இன்றைக்கே உடைக்கிறேன். தப்பா?"

ரபீ செருப்பை மாட்டினார். "கடப்பாரையோடு வா."

சமாரியா மலைமேல் உம்ரி ராஜாவின் அரண்மனை இடிந்து கிடந்தது. ரபீ காட்டிய இடத்தில் கேரா தோண்டினான். தளத்துக்கு அடியில் மண். மண்ணுக்கு அடியில், பாறையில் குடைந்த திராட்சை ஆலை.

"யாருடையது?"

"சேமேருடையது. மலையை உம்ரிக்கு விற்றவன். உம்ரி ஆலையை உடைக்கவில்லை. மண்ணால் மூடி, மேலே கட்டினான்."

"சமாரியா என்று ஊருக்கும் சேமேரின் பேரையே வைத்தானே! வெள்ளி கொடுத்தவன் இவன், பேர் விற்றவனுக்கா? இப்படியும் ஒரு ஏமாளி உண்டா?"

"உம்ரியின் அப்பன் பேர் என்ன?"

கேரா யோசித்தான். "வேதத்தில் இல்லை."

"உன் அப்பன்?"

கேராவின் குரல் இறங்கியது. "சொந்தமாக ஒரு கொடிகூடக் கிடையாது. ஊரார் ஆலையெல்லாம் மிதித்தார், கூலிக்கு."

"இறங்கு."

இறங்கினான். குளிர்ந்த பாறை உள்ளங்காலைத் தொட்டது. முழங்கால்வரை சிவப்பாக வீடு திரும்பும் அப்பா. அவர் தோளில் ஏறினால் வரும் புளித்த வாசம். கால் தானாக மிதித்தது. இடது, வலது. ஆலைக்குள் எதிரே நிற்பவன் ஓர் அடி பாட, அப்பா பாடும் மறு அடி வாயில் வந்துவிட்டது. பாடினான்.

ரபீ கடைசிவரை கேட்டார்.

"கழுதை தேவலை," என்றார். "ஆனால் எலிசாமா காத்திருக்கும் அடி அதுதான்."