மூணு ஏவன், ஒரு தேன் ரொட்டி

செவ்வந்தி, கால நீட்டிப் படு. இந்தக் கதை நான் நேரா கேட்டதில்ல. என்கூட காலேஜ்ல படிச்ச ஃபிலோமினாவோட அக்கா பிரிஸ்டல்ல நர்ஸா இருக்காங்க. அவங்க ஃபிலோமினாகிட்ட சொல்லி, அவ எங்கிட்ட சொன்னது. எங்கயாவது தப்பா இருந்தா அத்தைய கோவிச்சுக்காத.

இங்கிலாந்துல, ரொம்ப ரொம்ப முன்னாடி, ஒரு மலையடிவாரத்துல நெஸ்டான்னு ஒரு அக்கா இருந்தாளாம். அந்தக் காலத்து ஜனங்க ஆத்த 'ஏவன்'னு சொல்லுவாங்க.

"எவனா?"

எவன் இல்லடி, ஏவன். அது பேரு கூட இல்ல. நாம 'ஆத்துக்குப் போறேன்'ங்கிறோம்ல, அந்த மாதிரி. ம் சொல்லு.

"ம்."

அவளுக்கு ஒரே தம்பி, காடோக். ஆடு மேய்க்கப் போனவன், தூரத்துல ஒரு ஊர்லயே தங்கிட்டான். ஒரு நாள் உப்பு விக்கிறவர் வந்து, "உன் தம்பிக்கு பௌர்ணமி அன்னைக்குக் கல்யாணம். ஏவன் கரைக்கு வந்துடு"ன்னார்.

"எந்த ஏவன்?"ன்னு நெஸ்டா கேட்டா.

"ஏவன்னா ஏவன்தான்மா!" அவருக்குத் தெரிஞ்சது ஒரே ஆறு. சொல்லிட்டுக் கழுதைய ஓட்டிட்டுப் போயிட்டார்.

அவங்க வழக்கம் என்னன்னா, மாப்பிள்ளையோட அக்கா சுட்ட தேன் ரொட்டிய ரெண்டு பேரும் சாப்பிட்டாதான் கல்யாணம். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும். இல்லேன்னா அடுத்த வருஷம்தான்.

நெஸ்டா பெரிய ரொட்டியா சுட்டு, தலைல வச்சுக்கிட்டு நடந்தா, நடந்தா, நடந்துக்கிட்டே இருந்தா. அப்புறம் சலசலசலன்னு ஒரு ஆறு. அங்க துணி துவைச்சவங்களக் கேட்டா, "இது ஏவன்தான். ஆனா கல்யாணம் எதுவும் இல்லையே"ன்னாங்க. சரின்னு கல்லு மேல கால் வச்சுத் தாண்டினா. வழுக்கி, தொபுக்! ரொட்டியில ஒரு பக்கம் நனைஞ்சு போச்சு. குவாக் குவாக்னு வாத்தெல்லாம் வந்து அந்தப் பக்கத்தக் கொத்தித் தின்னுடுச்சு.

"நெஸ்டா பாவம், அத்தை."

வாத்துக்கு சந்தோஷம்தானே? அப்புறம் இன்னும் நடந்தா. இன்னொரு ஆறு. டம் டம் டம்னு மேளம்! "இது ஏவனா?" "ஏவன்தான், ஏவன்தான்! மாப்பிள்ளையோட அக்கா வந்தாச்சு!"ன்னு பொண்ணு வீட்டுக்காரங்க கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. அவங்க மாப்பிள்ளையோட நெஜ அக்காவப் பார்த்ததே இல்ல. ரொட்டிய வாங்கி, சரக் சரக்னு வெட்டி, ஊருக்கே குடுத்துட்டாங்க. அப்போ மாப்பிள்ளை வந்தார். தலையில ஒரு முடிகூட இல்ல.

"தம்பி, நீ யாரு?"

"நான்தான் மாப்பிள்ளை. நீங்க யாரு?"

"ஹஹ்ஹா! தப்பான கல்யாணம், அத்தை!"

ஆமா. எல்லாரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. நெஸ்டாவுக்கு மட்டும் அழுகையா வந்துது. பொழுது இறங்குது, ரொட்டி உள்ளங்கை அளவுதான் மிச்சம். அந்த மாப்பிள்ளையே, "மேற்கால இன்னொரு ஏவன் இருக்கு, ஓடுங்க"ன்னார். ஓடினா! தட தட தடன்னு ஓடினா!

அப்போ மூணாவது ஆறு. கரையில காடோக், "எங்கக்கா வராம உக்காரமாட்டேன்"னு அடமா நிக்கிறான். சூரியன் மலை உச்சியத் தொட்டாச்சு. அவன் அக்காவப் பார்த்து, "எங்க போய்த் தொலைஞ்ச?"ன்னு கத்தினான்.

"நீ ஒழுங்கா சேதி அனுப்பியிருந்தா நேத்தே வந்திருப்பேன்டா!"

பொண்ணோட அம்மா ரொட்டியப் பார்த்தாங்க. "இந்தத் துணுக்குக்கா இவ்வளவு நேரம் காத்திருந்தோம்? இது வழக்கத்துக்குப் போதாது."

நெஸ்டா தலையக் குனிஞ்சுக்கிட்டா. கல்யாணப் பொண்ணு எலின் எழுந்து வந்தா. "பெருசா இருக்கணும்னு யாரும் சொல்லலயே அம்மா. அக்கா சுட்டிருக்கணும், அவ்வளவுதானே?" ரொட்டியப் பிச்சு அவன் வாயில பாதி, தன் வாயில பாதி. லபக்! வாய் நிறைய, "இனிக்குது"ன்னா. அம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. டம் டம் டம் டம்!

"ம்..."

ஆடி முடிச்சு உக்காந்ததும் நெஸ்டா கேட்டா, "ஏன்ப்பா, இந்த ஆத்துக்குப் பேருன்னு ஒண்ணு கிடையாதா?" கல்யாணக் கூட்டம் மொத்தமும் ஒரே குரல்ல சொல்லுச்சாம், "ஏவன்!"

அவ்வளவுதான் தங்கம். கல்யாணமும் ஆச்சு, கண்ணும் சொருகுது, தூங்கு.

நெஸ்டா நெஜமா இருந்தாளான்னு எனக்குத் தெரியாது. இந்தக் கதை எங்கயும் கிடைக்கல. ஏவன்னு இங்கிலாந்துல பல ஆறு இருக்கிறது நெஜம், தேடிப் பார்த்துட்டேன். பழைய பேச்சுல அதுக்கு ஆறுன்னுதான் அர்த்தமாம். அப்புறம் வந்தவங்க அதையே பேரா வச்சு, கூட அவங்க மொழியில 'ரிவர்'னும் சேர்த்துக்கிட்டாங்க. அதனால இன்னைக்கும் அங்க அத 'ஆறு ஆறு'ன்னுதான் கூப்பிடுறாங்க.