குன்றிமணி போட்டுக்கொண்ட நகை

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் பேசின. மனிதர்கள் குறுக்கே பேசாமல் கேட்கவும் கேட்டார்கள். அப்போது குன்றிமணி உச்சி முதல் அடி வரை முழுச் சிவப்பு. தின்றால் விஷம் என்பதால் யாரும் சீண்டாமல் வேலியிலேயே கிடந்தது. பொன்னை நிறுக்கும் பெருமையெல்லாம் நெல்லுக்குத்தான்.

அந்த ஊரில் மருதாசாரி என்றொரு தட்டார் இருந்தார். அவர் தோட்டில் ஒரு கிளி வைத்தால் அந்தக் கிளியின் மூக்கில் கோபம்கூடத் தெரியும். வீட்டுக்கு வீடு வேறு கிளி. ஒரு பெண்ணின் காதைப் பார்த்தே அவள் எந்த வீட்டுக்காரி என்று ஊரார் சொல்லிவிடுவார்கள்.

சித்திரையில் ஆவுடையம்மை என்ற கூலிக்காரி எண்பது நெல் எடைப் பொன்னைக் கொண்டுவந்து, மகளின் காதுகுத்துக்குத் தோடு செய்யச் சொன்னாள். அவள் பாடுபட்டுச் சேர்த்தது என்பதால் ஆசாரி சேதாரத்தைக்கூடத் தன் பொன்னைப் போட்டு ஈடுகட்டினார். ஐப்பசி அடைமழையில் அவள் தோட்டை வாங்க வந்தாள். நிறுத்துப் பார்த்தால் எழுபத்தைந்து நெல்தான் நின்றது.

"அஞ்சு நெல்லுப் பொன்னு எங்க போச்சு ஆசாரியாரே?" என்று கேட்டுவிட்டு ஆவுடையம்மை அழுதாள்.

ஊர் கூடிவிட்டது. தட்டாரை ஏச ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? நாட்டாமை, "நாளை உச்சிக்குள்ள நிரூபியும். இல்லன்னா உலையை அவிச்சிட்டு ஊரை விட்டுப் போயிரும்" என்றார்.

வேலியிலிருந்து ஒரு குன்றிமணி பேசியது. "ஆசாரி எடுக்கல. மழையில நெல்லு ஊதிப்போச்சு. கனத்த நெல்லுன்னா எண்ணிக்கை குறையத்தானே செய்யும்?"

நெல்லுக்கு ரோஷம் வந்தது. "நான் சாமிக்குப் படைக்கிற அன்னம். நான் பொய் சொல்லுவேனா?"

"பொய்யின்னு யாரு சொன்னா அண்ணாச்சி? தண்ணி குடிச்சிருக்கீரு, அவ்வளவுதான். நான் குடிக்க மாட்டேன். வேணும்னா ஊறப்போட்டுப் பாருங்க."

நாட்டாமை ஒரு கூழாங்கல்லைத் தராசில் வைத்தார். அதற்கு நாற்பது நெல் சரியாக நின்றது. பத்துக் குன்றிமணியும் சரியாக நின்றது. இரண்டையும் தண்ணீரில் போட்டு மூடிவைத்தார்கள். காலையில் துடைத்து நிறுத்தபோது நெல் தட்டு கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. குன்றிமணித் தட்டு இம்மியும் அசையவில்லை.

"மழைக்குச் சரி. கோடையில வத்திப்போனா?" என்றார் நாட்டாமை. அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை.

குன்றிமணி தன் கூட்டம் ஒன்பதையும் கூட்டிக்கொண்டு, கனன்றுகொண்டிருந்த உலைக்குள் குதித்தது. ஆவுடையம்மை பதறி, "ஐயோ, எடுங்க ஆசாரியாரே" என்றாள். ஆசாரி இடுக்கிக் குறடு நீட்டி ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை கருகியிருந்தது. தராசில் போட்டார்கள். தட்டு கல்லுக்குச் சமமாக நின்றது.

அப்புறம் நெல்லை உலைச் சூட்டில் நன்றாகக் காயவைத்துத் தோட்டை நிறுத்தார்கள். எழுபத்தைந்து, எழுபத்தெட்டு, எண்பது. ஒரு நெல் குறையவில்லை. ஊர் ஆர்ப்பரித்தது. முதல் நாள் ஏசிய வாய்கள்தான் அதிகம் ஆர்ப்பரித்தன. ஆவுடையம்மை, "என்னை மன்னிச்சிருங்க" என்று சொல்லி, அங்கேயே மகளை உட்காரவைத்து ஆசாரி கையாலேயே காது குத்தித் தோட்டைப் போடச் சொன்னாள். நாட்டாமை எழுந்து, இனி இந்த ஊரில் குன்றிமணிதான் பொன்னுக்கு எடை என்றார். நெல்லும் ஒப்புக்கொண்டது.

ஆசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காக வெந்துட்டியே. அந்தக் கறுப்பைத் தேச்சு மெருகு போட்டுத் தாரேன்" என்றார்.

"வேண்டாம் ஆசாரியாரே. உம்ம கை செஞ்ச நகையைத்தான் ஊரே போட்டிருக்கு. இது நானே எனக்குச் செஞ்சு போட்டுக்கிட்ட நகை."

அன்று முதல்தான் குன்றிமணிக்கு ஒரு முனை கறுப்பு. அன்று முதல்தான், எவ்வளவு மின்னுகிற பொன்னும் அந்தக் கறுப்புக்கு எதிர்த்தட்டில் ஏறி உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.