பூலோகசிங்கமும் பதின்மூன்று முட்டைகளும்

மலைகள் இப்போது இருப்பதைவிட ஒரு முழம் உயரமாகவும், மீசைகள் இரண்டு முழம் நீளமாகவும் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஆவாரங்குளம் என்ற ஊரில் பூலோகசிங்கம் என்று ஒருவர் இருந்தார். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஆள் நல்லவர்தான்.

முப்பது வருடம் ராஜாவின் கோட்டை வாசலில் காவல் நின்றவர். வேல் பிடித்த கை, வளையாத முதுகு, இடி மாதிரிக் குரல். "யாரங்கே? அடையாளச் சொல்லைச் சொல்!" என்று அவர் ஒரு அதட்டுப் போட்டால், எதிரே நிற்கிற மந்திரிக்கே தன் பெயர் மறந்துபோகும். மீசையோ, பெருங்காற்று அடித்தாலும் அசையாது. அவர் தும்மினால் மட்டும் கொஞ்சம் ஆடும்.

வயதானதும் ராஜா அவரை ஊருக்கு அனுப்பிவைத்தார். வீட்டில் மனைவி அழகுநாச்சி இருந்தாள். ஏழு கோழிகள் இருந்தன. வேறு வேலை இல்லாத பூலோகசிங்கம் கொல்லைப்புறத்தில் அந்தக் கோழிகளுக்கு ஒரு கூடு கட்டினார்.

அது என்ன சாதாரணக் கூடா? முன்பக்கம் ஆள் உயரத்துக்கு மண்மதில். மதிலின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கொத்தளம். நடுவில் ஆணி அறைந்த சின்னக் கதவு. கதவுக்கு மேலே ஒரு கொடி. பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். பின்பக்கத்துக்கு மண் போதவில்லை. அங்கே அவசரமாக ஒரு மெல்லிய சுவரை எழுப்பி, அதை ஒட்டி விறகை அடுக்கிவிட்டார். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த வருடம் கொண்டைக்காரி என்ற கோழி அடைக்கு உட்கார்ந்தது. அழகுநாச்சி பார்த்துப் பார்த்துப் பதின்மூன்று முட்டைகளை எடுத்து அதற்கு அடியில் வைத்தாள். அவர்களுடைய ஒரே மகள் செங்கமலம் தனிக்குடித்தனம் போக இருந்தாள். தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் சீராகத் தருகிறோம் என்று மகளுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம், கொண்டைக்காரி இரை பொறுக்க வெளியே போயிருந்த நேரத்தில், அழகுநாச்சி முட்டைகளை எண்ணினாள். பன்னிரண்டுதான் இருந்தன. கூட்டுக்குள் மண்ணில் ஒரு வளைந்த தடம். சாரைப்பாம்பின் தடம்.

"என்னங்க, பாம்பு வந்து ஒரு முட்டையை முழுங்கிட்டுப் போயிருக்கு. உள்ளே எப்படி வந்திருக்கும்?"

"வாசல் வழியாகத்தான்! கோட்டைக்குள் வேறு எப்படி வர முடியும்?" என்றார் பூலோகசிங்கம். அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ராஜாவின் கோட்டையைக் காத்தவன் வீட்டிலேயே திருட்டா?

நேராக ஊர்ப் பொதுக்கிணற்றடிக்குப் போனார். நீர் இறைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கேட்கும்படி, "இன்னும் ஒரு முட்டை போனால் என் இடது மீசையை எடுத்துவிடுகிறேன்!" என்று சூளுரைத்தார்.

மறுநாள் காலையிலிருந்து வேலும் கையுமாகக் கூட்டு வாசலில் நின்றார். வெயில் ஏறியது. வியர்வை வழிந்தது. ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. இரை தின்றுவிட்டுத் திரும்பிய கொண்டைக்காரியை வழிமறித்து, "யாரங்கே? அடையாளச் சொல்லைச் சொல்!" என்றார்.

"கொக் கொக்" என்றது கொண்டைக்காரி.

"சரி, போ."

சாயங்காலம் அழகுநாச்சி எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

பூலோகசிங்கத்தால் நம்பவே முடியவில்லை. கண் இமைக்காமல் நின்றோமே! ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். நாவிதர் மாடக்கண்ணு வந்தார். "ஐயா, வேண்டாங்க. என் கத்திக்கே மனசு வரலை" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். நான்காம் தடவை சொல்லாமல் இடது மீசையைச் சிரைத்துவிட்டுப் போனார்.

"அடுத்த முட்டை போனால் வலது மீசையும் போகட்டும்!" என்று கிணற்றடியில் முழங்கினார் பூலோகசிங்கம். பாதி மீசையோடு முழங்கினாலும் குரல் என்னவோ முழுசாகத்தான் இருந்தது.

இந்தத் தடவை கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டார். ஒன்று மேலே, ஒன்று நடுவே, ஒன்று கீழே. கோழிகள் வரும்போதும் போகும்போதும் மூன்றையும் திறந்து மூன்றையும் மூடினார். மத்தியானத்துக்குள் நான்கு விரல்கள் நசுங்கிப்போயின. சாயங்காலம் எண்ணினால், பத்து. வலது மீசையும் போயிற்று.

அழகுநாச்சி புருஷனைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பிறகு கூட்டைப் பார்த்தாள். அழுகை வந்தது.

"போனது போகட்டுங்க. இருக்கிற பத்தையாவது எடுத்து வீட்டுக்குள் வைக்கிறேனே?"

"அடைக்கோழியை இடம் மாற்றினால் முட்டையை விட்டு எழுந்துவிடும். நீதானே சொன்னாய்? பொறு. இந்தத் தடவை நான் போரே தொடுக்கப் போகிறேன். தோற்றால் என் புருவம் இரண்டும் உனக்கு!"

"அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்றாள் அழகுநாச்சி.

பூலோகசிங்கம் கோயில் முரசைக் கேட்டு வாங்கிவந்து, கூட்டு வாசலில் வைத்து, பொழுது விடிந்ததிலிருந்து அடிக்க ஆரம்பித்தார். டமடம, டமடம, டமடம! பக்கத்து வீட்டுக்காரர்கள் பகைவர் படை வந்துவிட்டது என்று பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆறு கோழிகள் கூரைமேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தன. கொண்டைக்காரி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, உயிரே போனாலும் எழமாட்டேன் என்று முட்டைமேல் கிடந்தது.

பாம்புக்கு எங்கே காது? அது நிதானமாக வந்து, கொண்டைக்காரியின் இறக்கைக்கு அடியில் தலையை நுழைத்து, ஒரு முட்டையை முழுங்கிவிட்டுப் போனது. ஒன்பது.

புருவமும் போயிற்று. முகம் உரித்த பனங்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. சந்தோஷமா, துக்கமா, கோபமா, அவர் முகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று அவர் கிணற்றடிக்குப் போகவில்லை. கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "மகளுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்று முதல் தடவையாக மெல்லிய குரலில் கேட்டார். குஞ்சு பொரிக்க இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. வேட்டைக்குப் போகிற வழியில் ராஜா ஆவாரங்குளத்துக்கு வந்துவிட்டார். "நம் பூலோகசிங்கம் இங்கேதானே இருக்கிறான்? அவன் மீசையைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!" என்று கேட்டுக்கொண்டே நேராக அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

பூலோகசிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே ஒளிவது? பரண்மேல் ஏறினார், பரண் முறிந்தது. குதிருக்குள் இறங்கினார், வயிறு சிக்கிக்கொண்டது. கடைசியில் தவழ்ந்து தவழ்ந்து கோழிக்கூட்டுக்குள் புகுந்து, உள்ளிருந்தபடியே கதவைச் சாத்திக்கொண்டார். நல்லவேளை, கொண்டைக்காரி அப்போதுதான் இரைக்குப் போயிருந்தது. இல்லையென்றால் அவர் கன்னத்தையும் கொத்தியிருக்கும்.

உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில், பின்சுவரின் அடியில், பளிச்சென்று ஒரு வெளிச்சம் தெரிந்தது.

ஒரு கைமுட்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை.

விறகு அடுக்குக்குள் குடியிருந்த எலி குடைந்த ஓட்டை அது. பூலோகசிங்கம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வேல் பிடித்து நின்ற அந்த வெயிலை நினைத்தார். மூன்று தாழ்ப்பாளை நினைத்தார். முரசை நினைத்தார். அத்தனை நாளும் இந்த ஓட்டை அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது! அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது அந்த வெளிச்சம் அணைந்தது. ஓட்டை வழியாக ஒரு தலை உள்ளே வந்தது. நாக்கை நீட்டியது. இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது.

பூலோகசிங்கத்தின் கையில் வேல் இல்லை. ஆனால் முட்டைகளுக்கும் பாம்புக்கும் நடுவில் இருந்தது அவர் ஒருவர்தான். பக்கத்தில் கிடந்த தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிப் பாம்பின் முகத்தில் கொட்டினார். பாம்பு வெடுக்கென்று தலையை வெளியே இழுத்துக்கொண்டது. அந்த நொடியே தலைப்பாகையை அவிழ்த்து, சுருட்டி, ஓட்டையில் திணித்து, அதன்மேல் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.

சத்தம் கேட்டு ராஜா கொல்லைப்புறத்துக்கு வந்தார். குனிந்து கூட்டுக் கதவைத் தட்டினார்.

"யாரங்கே? அடையாளச் சொல்லைச் சொல்!" என்று உள்ளிருந்து இடிமுழக்கம் கேட்டது. பழக்கதோஷம், என்ன செய்ய?

ராஜா திகைத்துப்போனார். பிறகு, "கொக் கொக்" என்றார்.

கதவு திறந்தது. மீசையில்லாத, புருவமில்லாத, தலைப்பாகையில்லாத ஓர் உருவம், மேலெல்லாம் கோழி இறகோடு தவழ்ந்து வெளியே வந்து, எழுந்து நின்று வணக்கம் வைத்தது.

"உனக்கு என்ன ஆயிற்றப்பா?" என்று கேட்டார் ராஜா.

"மகாராஜா, நான் மூன்று நாளாக வாசலைக் காத்தேன். பாம்பு வாசலுக்கு வரவே இல்லை" என்றார் பூலோகசிங்கம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. கிணற்றடியில் முழங்கியதையும் சேர்த்தே சொன்னார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் வேட்டையை மறந்துவிட்டு மேலங்கியைக் கழற்றினார். ராஜாவே கழற்றியபின் மற்றவர்கள் சும்மா நிற்க முடியுமா? படைத்தலைவர் விறகை அகற்றினார். எலியைப் பார்த்து ஒருமுறை அலறினார். மந்திரி சேறு குழைத்தார். ராஜா கல் எடுத்துக் கொடுத்தார். அழகுநாச்சி ஒவ்வொரு கல்லையும் வாங்கி ஓட்டைக்குள் இறுக்கி, சேற்றை அப்பி, முள்ளை வைத்து அடைத்தாள். "இன்னும் கெட்டியாகக் குழையுங்க" என்று மந்திரியை இரண்டு தடவை அதட்டவும் செய்தாள். பூலோகசிங்கம் கூட்டை மூன்று தடவை சுற்றிவந்து, மண்டியிட்டு, கைவிரலால் சுவரெல்லாம் தடவிப் பார்த்தார். இன்னும் இரண்டு சின்ன ஓட்டைகள் அகப்பட்டன. அவற்றையும் அடைத்தார்கள்.

"என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"ஆறு மாதத்துக்கு யாரும் என்னைப் பார்க்க வராமல் இருந்தால் போதும், மகாராஜா."

மறுநாள் பாம்பு வந்தது. பின்சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உரசிப் பார்த்தது. வழி கிடைக்கவில்லை. விறகும் இல்லை, எலியும் இல்லை. வயல்பக்கமாகப் போய்விட்டது. அதற்கு அங்கே எலிக்கா பஞ்சம்?

மூன்றாம் நாள் முட்டைகள் விரிந்தன. எட்டுக் குஞ்சுகள். ஒன்று மட்டும் கூமுட்டையாகப் போயிற்று. அதற்குப் பாம்பைக் குறை சொல்ல முடியாது. செங்கமலம் வந்து தாயையும் குஞ்சுகளையும் ஒரு கூடையில் வைத்து, "அப்பா, உங்க முகம் இப்போ பார்க்க ரொம்ப அழகா இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு எடுத்துப்போனாள்.

ஆகவே, பெரியவர்களே, பிள்ளைகளே, கேட்டுக்கொள்ளுங்கள்: காவல் காப்பவன் தான் நிற்க விரும்பும் இடத்தில் நிற்காமல், திருடன் வரும் வழியைத் தேடிப்போய் அடைக்க வேண்டும்.