நின்றால் அணையும் காரும் சங்கிலி மெக்கானிக்கும்

எங்கள் கார் ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது. நிறுத்தினால்தான் அணைந்துவிடும். முப்பது வருடம் பேருந்து நடத்துநராக விசில் ஊதி ஊதி வண்டியை நிறுத்திய அப்பாவுக்கு, ஓய்வுபெற்ற பிறகு, நிறுத்தவே கூடாத ஒரு பழைய டீசல் கார் வாய்த்தது.

வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அப்பா நிற்காமல் வாழப் பழகிவிட்டார். கோயில் வந்தால் ஓட்டிக்கொண்டே ஒரு கையால் கும்பிடுவார். அம்மா கடைத்தெருவில் இறங்க வேண்டுமென்றால், கார் கடையை மூன்று சுற்று சுற்றும். வேகம் குறையும் நேரம் பார்த்து அவள் இறங்கிக்கொள்ள வேண்டும். டீசல் ஃபில்டரை மாற்றினோம், பேட்டரியை மாற்றினோம், ஆளுக்கொரு யோசனை கேட்டோம். ஒன்றும் நடக்கவில்லை.

அம்மா கார் வந்த அன்றே ஒரு திருஷ்டிக் கயிறு கொடுத்திருந்தாள். கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரக் கல், ஒரு எலுமிச்சை, ஏழு மிளகாய். அதை வண்டியின் முன்னால் தொங்கவிட வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடப் படித்தவர்கள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் பானெட்டைத் திறந்து உள்ளே, கைக்கு எட்டிய இடத்தில் கட்டிவிட்டேன். "உள்ளே கட்டினால் இன்ஜினுக்கே நேரடியாகப் பலன் போகும்" என்றேன். அம்மா அதை ஒத்துக்கொண்டாள்.

அன்று எனக்கு விருதுநகரில் சான்றிதழ் சரிபார்ப்பு. நூலகர் வேலை. பகல் பன்னிரண்டு மணிக்குள் போய் நிற்காவிட்டால் என் இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். விசேஷ நாள் என்பதால் அம்மா படிகாரக் கல்லைப் பெரிதாக மாற்றியிருந்தாள், தேங்காய் மூடி அளவுக்கு. அதையும் பழைய இடத்திலேயே கட்டினேன்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பாவால் எதற்கு முன்னாலும் நிற்காமல் இருக்க முடியும், ரயிலுக்கு முன்னால் முடியாது. நின்றோம். கார் அணைந்தது. வழக்கமாக நாலு தடவை சாவியைத் திருகினால் எழுந்துகொள்ளும். அன்று எழவில்லை. கேட்டில் நின்றவர்கள் சேர்ந்து தள்ளி, பக்கத்திலிருந்த சங்கிலி மெக்கானிக்கின் ஷெட்டில் விட்டுப் போனார்கள். மணி பத்து ஐந்து. இன்னும் முப்பது கிலோமீட்டர். அடுத்த பேருந்து பதினொன்றே முக்காலுக்குத்தான். அப்பாவுக்கு அது மனப்பாடம்.

சங்கிலிக்கு ஐம்பது வயதிருக்கும். பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தார். பிறகு இன்ஜினுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வண்டிமேல் சாய்ந்துகொண்டார்.

"நின்னா அணையுது. அவ்வளவுதானே அண்ணாச்சி?"

"அவ்வளவுதான் தம்பி. பொண்ணு பன்னிரண்டு மணிக்குள்ள போகணும்."

"இதெல்லாம் எனக்குப் பல் விளக்கற மாதிரி. பானெட்டைத் தொறக்கவே வேண்டாம். புகையை மோந்து பாத்தே சொல்லிருவேன். எந்த பங்க்ல டீசல் போட்டது, பிடிச்சுவிட்டவன் காலைல வெங்காயம் தின்னானா இல்லையா, எல்லாம் சொல்லுவேன்."

பக்கத்து பஞ்சர் கடையில் வேலுத்தாய் அக்கா ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்: "கொழுந்தனாரே, போன வாரம் உங்க வீட்டு சிலிண்டர் கசிஞ்சப்ப நான்தானே வந்து மோந்து சொன்னேன்."

"அது கேஸ் மதினி. நான் டீசல் ஆளு."

அப்பா சிரித்தார். முப்பது வருடம் பயணிகளின் கதையைக் கேட்டவர். எதிரில் யாராவது பேசினால் அவருக்கு நடுவில் வெட்டத் தெரியாது. எனக்கோ பேசவே தெரியாது. சான்றிதழ் பையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இதே கோளாறுதான் ஒரு மரக்கடை முதலாளி வண்டியில" என்று ஆரம்பித்தார் சங்கிலி. "பதினேழு மெக்கானிக் பாத்துக் கைவிட்ட வண்டி. நான் ஒரு தட்டு தட்டினேன். குழாய்ல காத்து அடைச்சிருக்கு. மத்தவங்க பம்பை அமுக்கி அமுக்கி எடுப்பாங்க. நான் வாய் வச்சு உறிஞ்சினேன். காத்து வந்துச்சு. அப்புறம் டீசல். டேங்க் காலி. நான் விடலை. ஒரே தம். அந்த வண்டி கடைசியா டீசல் போட்ட பங்க் இருக்கு பாருங்க, அங்க பூமிக்குள்ள இருக்கிற தொட்டியும் காலி. வரிசைல நின்னவன் எல்லாம் கேனோட திரும்பிப் போறான்."

"வண்டி இங்க, பங்க் அங்க. நடுவுல குழாய் யாரு போட்டா?" என்றார் வேலுத்தாய் அக்கா.

"இழுப்பு அப்படி மதினி. குழாய் எதுக்கு? இன்னும் இழுத்தேன். நாக்குல மணல் தட்டுப்படுது. நம்ம ஊர் மணல் இல்ல, சூடான மணல். அப்புறம் பல்லிடுக்குல என்னமோ சிக்குச்சு. துப்பிப் பாத்தா, பேரீச்சங்கொட்டை."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னிக்குச் சாயங்காலமே வெளிநாட்டுல இருந்து போன். 'சங்கிலியண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க, எங்க கிணறு வத்துது'ன்னான். தமிழ்லயே சொன்னான், அவ்வளவு அவசரம். பாவம்னு விட்டேன். அதுக்கப்புறம் பதினஞ்சு நாள் என் பொண்டாட்டி அடுப்புக்கு கேஸ் வாங்கலை. நான் பக்கத்துல உக்காந்து ஏப்பம் விடுவேன், அவ தோசை சுடுவா."

"அதான் அந்தப் பதினஞ்சு நாளும் அவ எங்க வீட்டுல வந்து சாப்பிட்டாளோ" என்றார் வேலுத்தாய் அக்கா.

மணி பத்து நாற்பது. நான் அப்பாவின் சட்டை நுனியை இழுத்தேன். அப்பா, "தம்பி, வண்டி…" என்றார்.

"வண்டிக்குத்தான் வர்றேன் அண்ணாச்சி. கோளாறு போச்சு. ஆனா கிணத்துல இருந்து நேரா வந்த எண்ணெய் பாருங்க, கலப்படமே இல்ல. வண்டி நிக்க மாட்டேங்குது. சாவியை உருவினேன், ஓடுது. பேட்டரியைக் கழட்டினேன், ஓடுது. நாலு டயரையும் கழட்டினேன், அப்பவும் ஓடுது."

"டயர் இல்லாமயா?" டியூப் வேலுத்தாய் அக்காவின் கையிலிருந்து நழுவியது. அது அவருடைய தொழில். "ஓடுற வண்டில எப்படிக் கழட்டினீங்க?"

"கூடவே ஓடிக் கழட்டினேன் மதினி. அந்த நேரம் பாத்து முதலாளி பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். வண்டி மண்டபத்தைச் சுத்திக்கிட்டே இருக்கு, முதலாளி உள்ள. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தாம்பூலத் தட்டோட பின்னாடியே ஓடுறாங்க. ஐயரு சைக்கிள்ல வந்து மந்திரம் சொல்றாரு. எட்டாவது சுத்துலதான் தட்டு கை மாறுச்சு. கல்யாணமும் அப்படியே முடிஞ்சது. பேரன் பொறந்தான். முதலாளி ஜன்னல் வழியா வாங்கி ஒரு சுத்து கொஞ்சிட்டு, திரும்ப வர்றப்ப குடுத்துட்டுப் போயிட்டாரு. பையன் மூணாங்கிளாஸ் போறான், தாத்தா இன்னும் இறங்கலை."

"அப்புறம் எப்படித்தான் நின்னுச்சு?" அப்பா உண்மையாகவே கேட்டார். நிறுத்துவது அவருடைய தொழில்.

"பம்புக்குப் பக்கத்துல சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு லிவர் இருக்கும் அண்ணாச்சி." சங்கிலி தன் காது மடலைப் பிடித்துக் கீழே இழுத்துக் காட்டினார். "எப்பேர்ப்பட்ட டீசல் இன்ஜினா இருந்தாலும், அதை இப்படிப் பாதி இழுத்தா நிக்கிற நேரத்துல மூச்சு திணறி அணைஞ்சுரும். முழுசா இழுத்தா திரும்ப எழும்பாது. இழுத்தேன், நின்னுருச்சு."

"அதை முதல் நாளே இழுத்திருக்கலாமே" என்றார் வேலுத்தாய் அக்கா.

"அன்னிக்குத் தோணலை."

நான் எழுந்து அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பம்பு இருந்தது. பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்தில் லிவர் இருந்தது. அதில் என் கறுப்புக் கயிறு. வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கி, அம்மாவின் புதுப் படிகாரக் கல் அதைக் கடைசிவரை கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

முகம் முழுக்கச் சுட்டது. சொல்லிவிட்டால், ஒரு மாதமாக அப்பாவைத் தெருத் தெருவாகச் சுற்றவிட்டவள் நான்தான் என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் மணி பதினொன்று. கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தேன். பிறகு கையை உள்ளே விட்டு முடிச்சை அவிழ்த்தேன்.

"அப்பா, சாவியைத் திருகுங்க."

ஒரே திருகல். இன்ஜின் எழுந்தது. அப்பா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். அணையவில்லை. எங்கள் கார் நின்ற இடத்தில் நின்றபடி ஓடுவதை முதல்முறையாகப் பார்த்தேன்.

மூன்று பேரும் என் கையைப் பார்த்தார்கள். கல், எலுமிச்சை, சூட்டில் லேசாக வறுபட்ட ஏழு மிளகாய்.

சங்கிலிக்கு ஒரு நொடிதான் ஆனது. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

"எப்ப, பேரன் காலேஜ் போனதுக்கப்புறமா?" என்றார் வேலுத்தாய் அக்கா.

அப்பா வண்டியை விருதுநகருக்கு விட்டார். ஒரே ஒரு சிக்னலில், தேவையே இல்லாமல், பச்சை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்று ரசித்தார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். என் பின்னால் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். கையெழுத்துப் போட்டேன். வேலை எனக்குத்தான்.

மாலை நாலு மணிக்குத் திரும்பும்போது, காராச்சேவு பொட்டலத்தோடு ஷெட்டில் நிறுத்தினோம். சங்கிலி ஒரு லாரி டிரைவரின் வண்டிமேல் சாய்ந்திருந்தார்.

"…பானெட்டைத் தூக்குறேன், உள்ள ஒரு பூசணிக்காய். திருஷ்டிக்கு வச்சது வேர் விட்டுருச்சு. கொடி ரேடியேட்டரைச் சுத்திப் போய் லிவரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

"அட போங்கண்ணே" என்றார் லாரி டிரைவர்.

"நம்பலையா? அந்தா நிக்குது பாருங்க, அந்த வண்டிக்காரத் தாயி. அதுக்கிட்டயே கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பெயர்கூட ஒழுங்காகச் சொல்ல வராது. ஆனால் அன்று வேலை கிடைத்திருந்தது. மேலும், வேலுத்தாய் அக்கா டியூபைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு இல்லைங்க, ரெண்டு பூசணிக்காய்" என்றேன். "ஒண்ணு இன்ஜின் சூட்டுலயே வெந்திருந்துச்சு. ஆபீஸ்ல தேங்காய் அரைச்சு ஊத்திக் கூட்டாக்கிப் பரிமாறினோம். சான்றிதழ் பாத்தவரு ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அதுலதான் எனக்கு வேலை கிடைச்சுது."

பின்னால் எங்கள் கார் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலி ஸ்பானரைக் கீழே வைத்தார். முகத்தில் நிஜமான வருத்தம்.

"படிச்ச புள்ள," என்றார், "இப்படிப் புளுகலாமா தாயி?"