சௌசௌ அளவில் ஒரு குல்லா

“சிஸ்டர், இந்தாங்க உங்க ஊசி. எனக்கு இது வராது.”

இருதயராஜ் இரண்டு பின்னல் ஊசிகளையும் ஒரு பந்து மஞ்சள் நூலையும் மேஜைமேல் வைத்தார். வைத்தது இடது கையால். வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மங்கையர்க்கரசி நிமிரவில்லை. அவள் கையில் பாதி முடிந்த குல்லா ஒன்று இருந்தது.

“எத்தனை தடவை பிரிச்சீங்க?”

“மூணு.”

“உக்காருங்க.”

இங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு அறுபத்து மூன்று. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து ஞானத்திடம் யாரும் பிறந்த தேதி கேட்டதில்லை.

குரு, மலைமேல் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டில் வேலை. அந்தத் தலைகளுக்குக் குளிர் ஆகாது. அதனால் சனிக்கிழமை மத்தியானங்களில் ஏழெட்டுப் பேரை வெளிக்கூடத்தில் உட்கார வைத்துக் குல்லா பின்னச் சொல்லித்தருவாள். யார் பின்னியது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. முடித்ததைக் கூடையில் போடுவார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

சீடர், தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டர். நின்றுபோன மெஷின் இவர் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடத் தொடங்கும் என்று அந்த ஃபேக்டரியில் பீற்றிக்கொள்வார்கள். போன வருஷம் பக்கவாதம் வந்தது. காலும் பேச்சும் திரும்பி வந்தன. வலது கை வரவில்லை.

டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் அது வேலிக்கு வெளியே போய் விழுந்தது. பந்தை அமுக்கி யாருக்கு என்ன லாபம்? குல்லா என்றால் ஒரு பிள்ளைக்காவது ஆகும். அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தார்.

வரும்போதே மனசுக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு குல்லா சரியாக முடிந்தால் தான் இன்னும் ஃபிட்டர். முடியாவிட்டால் ஸ்பேனர் பெட்டியை அக்கா மகனுக்குக் கொடுத்துவிடுவது. இதை வீட்டிலும் சொல்லிவிட்டார். சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை.

“ஏன் பிரிச்சீங்க?” என்று மங்கையர்க்கரசி கேட்டாள்.

“சின்னதாப் போச்சு.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும். நான் அளவு தப்புற ஆள் இல்ல சிஸ்டர். இரும்புல அரை நூல் அளவு பிசகினாலும் என் விரல் சொல்லிடும். இப்பப் பாருங்க, ஆரம்பிக்கும்போது சரியா இருக்கிற அளவு, முடிக்கும்போது தப்பாப் போயிடுது. கை போனதோட கண்ணும் போச்சு.”

“எதை வச்சு அளவு பாக்குறீங்க?”

“நீங்க காட்டினதை வச்சுத்தான்.”

அது மூன்று வாரத்துக்கு முந்தைய சங்கதி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் இருதயராஜின் வீடு. டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தவளை வேலியோரம் நிறுத்தி, தலை எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கேட்டார். தோட்டத்துப் பந்தலில் சௌசௌ காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் வேலிக்கு மேலாகக் கை நீட்டி ஒன்றைத் தொட்டாள். “நேத்து ஒண்ணு பொறந்திருக்கு. இந்த அளவு,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

“அந்தக் காயைப் பறிச்சு வச்சிருக்கீங்களா?” என்று இப்போது கேட்டாள்.

“பறிக்கிறதா? பிஞ்சு சிஸ்டர் அது. பாவம் இல்லையா? கொடியில இருக்கும்போதே கீழ இருந்து மாட்டிப் பாக்குறேன். எங்க வேலையில அளவை மெஷின்கிட்டப் போய்த்தான் எடுக்கணும். கழட்டிக் கொண்டாந்து மேஜையில வச்சு எடுக்கிறவன் ஃபிட்டரே இல்ல.”

மங்கையர்க்கரசியின் ஊசி நின்றது. நன்றாகக் குனிந்துகொண்டாள். தோள் இரண்டு தடவை குலுங்கியது. இருமல் என்று நினைத்தார் இருதயராஜ்.

“முதல் குல்லாவுக்கு எத்தனை நாள் ஆச்சு?”

“ஒம்பது.”

“மூணாவதுக்கு?”

“ஆறு.”

அவள் ஊசிகளையும் நூலையும் அவர் பக்கமே நகர்த்தினாள். “நாலாவது பின்னுங்க.”

“அதுவும் சின்னதாப் போனா?”

“பிரிச்சிட்டு அஞ்சாவது பின்னுங்க.”

“இது ஒரு பதிலா?”

அவள் தன் குல்லாவுக்குத் திரும்பிவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஊசியை எடுத்துப் பையில் போட்டார்.

உங்களுக்கும் எனக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஃபிட்டருக்குப் புரியவில்லை. அவர் ஆயுசு பூராவும் அளவெடுத்தது இரும்பில். இரும்பு தண்ணீர் குடித்து வளர்வதில்லை.

நாலாவது குல்லாவைப் பந்தலுக்கு அடியிலேயே உட்கார்ந்து பின்னினார். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்காருவார். வலது பக்க ஊசியை அக்குளில் இறுக்கிக்கொள்வார். செத்த கைக்கு அந்த ஒரு வேலைதான் கொடுத்திருந்தார். மற்றதையெல்லாம் இடது கை பார்த்துக்கொண்டது. ஒரு கண்ணி நழுவினால் ஒரு வசவு. மறுகண்ணி நழுவினால் அதைவிடப் பெரிய வசவு.

ஐந்து நாளில் முடித்தார். காயில் மாட்டினார். சின்னது.

பிரித்தார்.

அவர் மனைவி லூர்துமேரி பீன்ஸ் பறித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பாள்.

“அந்தக் காய்க்கு எப்பக் கல்யாணம்? மாப்பிள்ளை மாதிரித் தொப்பி போட்டுப் போட்டு அழகு பாக்குறீங்க.”

“நீ உன் பீன்ஸைப் பாரு.”

ஐந்தாவது நான்கு நாள். ஆறாவதும் நான்கு நாள். அதில் என்ன தோன்றியதோ, ஓரத்தில் பச்சை நூலில் ஒரு வரி ஓட்டினார். யாரும் கேட்கவில்லை. பெற்றவள் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று அவராக நினைத்துக்கொண்டார். பின்னிக்கொண்டே எதிரில் இருந்த முட்டைக்கோஸ் பாத்தியைப் பார்ப்பார். இலையில் புழு தெரிந்தால் எழுந்துபோய் எடுத்துப் போட்டுவிட்டு வந்து விட்ட கண்ணியைப் பிடிப்பார். ஒரு நாள் வாய்க்குள் ஏதோ ராகம் ஓடுவது அவருக்கே கேட்டது. சட்டென்று நிறுத்திவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

ஏழாவது மூன்று நாள். அதுவும் சின்னது.

சனிக்கிழமை வந்தது.

“சிஸ்டர், எனக்கு ஒரு கோளாறு.”

“சொல்லுங்க.”

“ஏழாவதும் தோத்துப்போச்சு. ஆனா பின்னும்போது நல்லா இருக்கு. எழுந்திரிச்சதும் எப்ப ஊசியை எடுக்கலாம்னு இருக்கு. தோத்துப்போற வேலையில ஒரு மனுஷன் இப்படி சந்தோஷமா இருக்கலாமா?”

“எப்பேர்ந்து?”

“அஞ்சாவதுலேர்ந்துன்னு நினைக்கிறேன்.”

“எங்க, பின்னிக் காட்டுங்க.”

அவர் எட்டாவதுக்கு அன்று காலையில்தான் அளவெடுத்திருந்தார். நாலைந்து வரி அதற்குள் ஏறியிருந்தது. அதையே மடியில் வைத்துப் பின்னிக் காட்டினார். மங்கையர்க்கரசி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊசி அக்குளில் இல்லை. அதை அவர் கவனிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

“என்ன கோளாறு இது?” என்று மறுபடி கேட்டார்.

“எங்கிட்ட இதுக்கு மருந்து இல்ல,” என்றாள். “டீ ஆறிடும், குடிங்க.”

எட்டாவது இரண்டே நாளில் முடிந்தது. இதற்கும் பச்சை ஓரம் விட்டு, காதோரம் கட்டிக்கொள்ள இரண்டு கயிறும் திரித்து வைத்தார். திங்கட்கிழமை காலை குல்லாவோடு பந்தலுக்குப் போனார்.

கொடியில் காம்பு மட்டும் இருந்தது.

வீட்டைப் பார்த்துக் கத்தினார். “லூர்து, என் அளவு எங்க?”

சமையலறையிலிருந்து பதில் வந்தது. “உங்க அளவு அலமாரியில இருக்கு. சனிக்கிழமை காலையில நீங்க வாளியை விட்டு எழுந்ததும் பறிச்சேன். இன்னிக்குக் கூட்டு.”

ஓடினார். அலமாரியிலிருந்து காயை எடுத்துக் குல்லாவை மாட்டினார்.

பொருந்தியது.

கழற்றினார். மறுபடி மாட்டினார். விரலை விட்டுச் சுற்றிவரப் பார்த்தார். எங்கேயும் இறுக்கம் இல்லை, எங்கேயும் தொளதொளப்பு இல்லை. விரல் ஒரு குறையும் சொல்லவில்லை.

தொப்பி போட்ட ஒரு சௌசௌவை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனுஷர் சமையலறை நடுவில் நின்றார். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது.

“முடிஞ்சிடுச்சு லூர்து. அக்கா மவனை வர வேண்டாம்னு சொல்லு. பெட்டி இந்த வீட்டுலதான் இருக்கும்.”

லூர்துமேரி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வீட்டுக்காரி இல்லையா, காயை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

“நல்ல வேளை பறிச்சேன். இன்னும் விட்டிருந்தா முத்திப்போயிருக்கும். போன மாசம் நான் பாக்கும்போது ஒரு கைக்குள்ள அடங்குச்சு.”

இருதயராஜ் காயிலிருந்து குல்லாவைக் கழற்றினார்.

பிரித்துப் போட்ட ஏழு குல்லாக்களும் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்தன.

சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வார்டு வாசலிலேயே மங்கையர்க்கரசி நின்றிருந்தாள்.

“உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அந்தக் காய் வளந்துக்கிட்டே இருக்குன்னு அன்னிக்கே தெரியும்.”

“தெரியும் ஐயா.”

“ஏழு தடவை பிரிச்சேன். கை போச்சு, கண்ணு போச்சுன்னு வீட்டுல உக்காந்து அழுதிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வயசான மனுஷனை ஆட விட்டு வேடிக்கை பாத்தீங்களா?”

நியாயமான கோபம்தான். நானாக இருந்தாலும் சத்தம் போட்டிருப்பேன்.

“மெதுவா. உள்ள தூங்குதுங்க.” குழாயைக் காட்டினாள். “சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க.”

கோபத்தோடே கழுவினார். போதாது என்றாள். இன்னொரு தடவை கழுவினார்.

உள்ளே கடைசிக் கட்டிலில் ஒரு பெண், மடியில் துணிமூட்டையாக ஒரு குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை கட்டித் தயாராக இருந்தது.

“இது செல்லக்கனி. தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க,” என்றாள் மங்கையர்க்கரசி. “அன்னிக்கு உங்க வேலியில நான் காட்டின தலை இவன்தான். கூடையிலேர்ந்து நாலு குல்லா போட்டோம். நாலும் சின்னதாப் போச்சு. இன்னிக்கு வீட்டுக்குப் போறான்.”



“டூட்டிக்கு வரும்போது உங்க காயைப் பாப்பேன். இங்க வந்து இவனைப் பாப்பேன். ரெண்டும் ஒண்ணாத்தான் வளந்துச்சு.”

“காயைப் பறிச்சாச்சு,” என்றார் விறைப்பாக.

“இவனையும் அனுப்புறோமே.”

அவர் குல்லாவை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“பின்னினவங்களே போடுங்க.”

குனிந்தார். மஞ்சள் குல்லா அந்தத் தலையில் இறங்கிக் காதை மூடி நின்றது. பச்சை ஓரம் புருவத்துக்குச் சற்று மேலே வந்தது. அளவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, ஆனால் கோபத்தை அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை அவர். தாடைக்குக் கீழே கயிற்றை இழுத்துக்கொண்டே ஏசினார்.

“ஒரு வார்த்தை சிஸ்டர். காயைப் பறிச்சு வைய்யான்னு ஒரு வார்த்தை. எத்தனை நாள் தூக்கம் போச்சு தெரியுமா? எங்க ஃபேக்டரியில இப்படி ஒருத்தர் செஞ்சிருந்தா…”

குழந்தை கொட்டாவி விட்டது. தாடைக்கு அடியில் இரண்டு காது வைத்த முடிச்சு அழகாக உட்கார்ந்திருந்தது.

செல்லக்கனி மகனைப் பார்த்துப் பூரித்துப்போனாள். “இவங்க அப்பாவுக்கு இவனைத் தொடவே கை நடுங்குது. நீங்க அசராமக் கட்டிட்டீங்களே ஐயா.”

இருதயராஜ் ஏச்சை நிறுத்தினார். முடிச்சைப் பார்த்தார்.

“எந்தக் கையால கட்டினேன்?” என்று கேட்டார்.



செல்லக்கனிக்கு இவர் கதை ஒன்றும் தெரியாது.

“இது என்ன கேள்வி ஐயா? ரெண்டு கையாலயும்தான். ஒத்தக் கையால யாராவது முடிச்சுப் போடுவாங்களா?”