நிற்காத கெட்டிமேளம்

கட்டாந்துறைக்காரர்களைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் தொந்தரவே.

அந்த ஊர்த் தவசிக்கும் பவுன்தாய்க்கும் கல்யாணம். மேளக்காரர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பெண்ணின் அம்மா வள்ளிமயில் கறாராகச் சொல்லிவிட்டாள்: மூணாவது முடிச்சு விழும்வரை மேளம் பலமாக, விடாமல் கேட்கவேண்டும், நடுவில் ஒரு தும்மல் காதில் விழுந்தாலும் பெண்ணை எழுப்பிக்கொண்டு போய்விடுவாள். மாப்பிள்ளையின் சித்தப்பா பூமாலைக்கோ அன்றைக்குச் சரியான சளி.

தவசி டவுனுக்குப் போய், கம்ப்யூட்டரில் நாயனம் கேட்கவைக்கிற, ஆர்மோனியம் மாதிரிக் கட்டைவைத்த கீபோர்டு ஒன்றைக் கம்ப்யூட்டரோடு வாங்கிவந்தான். கடைக்காரர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: கட்டையை மெல்லத் தொட்டால் மெல்லக் கேட்கும், பலமாக அழுத்தினால் பலமாகக் கேட்கும். கையை எடுத்தால் நின்றுவிடும். எடுத்தும் நிற்கக்கூடாதென்றால், கீழே இருக்கிற பெடலைக் காலால் மிதிக்கணும்.

பந்தலில் எல்லாவற்றையும்விடப் பலமானது அம்மிதான். நாலு பேர் தூக்கி, உடையாமல் மெள்ள மெள்ளக் கட்டைமேல் இறக்கினார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"புது அம்மி. கூச்சப்படுது," என்றார் பூமாலை.

அம்மியை இறக்கிவைத்தார்கள். அப்போது கட்டைமேல் ஒரு கொசு உட்கார்ந்தது. தவசியின் மச்சான் ஒச்சு பட்டென்று அடித்தான். நாயனம் பந்தலே அதிர அலறியது. எல்லாரும் கொசு தேடக் கிளம்பிவிட்டார்கள்.

"கொசு வேண்டாம் மாமா, வெடுக்குனு அடிச்சாப் போதும்," என்று மணவறையிலிருந்து பவுன்தாய் சொன்னபிறகுதான் திரும்பினார்கள்.

கடைக்காரர் தவசியிடம்தானே சொன்னார்? அதனால் தவசியேதான் வாசிக்கணும். மாப்பிள்ளை மடியில் கீபோர்டை வைத்தார்கள். முகூர்த்தம் வந்ததும் ஓங்கி ஒரு அடி அடித்து, கையை எடுக்காமல் உட்கார்ந்தான். நாயனம் விடாமல் கேட்டது. ஐயர் தாலியை நீட்டினார்.

"கைய எடுத்தா நின்னுருமே," என்றான் தவசி.

"எடுக்காமக் கட்டு," என்றார் பூமாலை.

நல்லநேரம் போய்க்கொண்டிருந்தது. வள்ளிமயில் மகளின் கையைப் பிடித்துவிட்டாள். பவுன்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தப் பெடலை யாராச்சும் மிதிங்களேன்," என்றாள்.

ஒச்சு யோசித்தான். கல்யாணத்தில் மிதிக்கிற கால் பெண்ணுடையது. அது மிதிப்பது அம்மியைத்தான். ஆகவே பெடலை அம்மிக்கு அடியில் வைத்தார்கள். பவுன்தாய் ஏறி மிதித்தாள். தவசி கையை எடுத்தான், சத்தம் நிற்கவில்லை. கீபோர்டை மடியிலிருந்து இறக்கிவைத்து, எக்கிநின்று மூணு முடிச்சும் போட்டுவிட்டான். பூமாலை ஏழு தடவை தும்மியும் ஒருத்தர் காதிலும் விழவில்லை. வள்ளிமயிலுக்கு ஆனந்தக்கண்ணீர்.

பவுன்தாய் இறங்கினாள். அம்மி பெடலைவிட்டு இறங்கவில்லை. நாயனமும் நிற்கவில்லை.

"கைய எடுத்தா நிக்கும்னுதானே சொன்னாரு?" என்றான் ஒச்சு.

"நான் சரியா எடுக்கலையோ என்னமோ," என்று தவசி இன்னொரு கட்டையை அடித்துவிட்டுக் கையை எடுத்தான். இப்போது இரண்டு நாயனம். அப்புறம் பூமாலை அடித்து எடுத்தார். ஒச்சு எடுத்தான். பந்தியில் இருந்தவர்கள் இலையைவிட்டு எழுந்து, கைகழுவிவந்து, வரிசையாக எடுத்தார்கள். ஐயரும் எடுத்துப் பார்த்தார்.

இன்னும் நிற்கவில்லை. ஊரில் கை தீர்ந்துபோய், பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அம்மிமேல் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.